கிழங்குப் பட்டாணியா, மலைப் பட்டாணியா, ஏப்பியோஸா? ஐரோப்பாவில் தோட்டம் போடுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

“ஆர்ட்ஆக்கர் வைக்கலாமா?” என்று, வேரில் விளையும் கிழங்குக்காக வளர்க்கும் ஒரு கொடியைப் பற்றி இந்த வருடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கு நெதர்லாந்தில் ‘வால்’ என்ற ஆற்றின் கரையில் உள்ள ஊரில் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டு, கெட்டிக் களிமண். இன்னொருவருக்கு ஸ்காட்லாந்தில் வீட்டுக்குப் பின்னால் அமில மண். மூன்றாமவர் கொலோன் நகரில் நாலாவது மாடி, தோட்டம் என்றால் பால்கனிதான். மூவரும் ஒரே செடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். பேசிப் பார்த்தால் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு செடி.

அவர்கள் மீது தப்பில்லை. பெயர்கள் அப்படி. அதனால் எது நல்லது என்பதற்கு முன்னால் எது எது என்று பிரித்துவிடலாம்.

## பெயர்க் குழப்பம்

ஆர்ட்ஆக்கர் டச்சுப் பெயர். மண்ணுக்குள் விளையும் ஓக் கொட்டை என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களும் அதே பொருளில்தான் அழைத்தார்கள். தாவரப் பெயர் லத்தைரஸ் ட்யூபரோசஸ். பட்டாணிக் குடும்பத்துக் கொடி, இளஞ்சிவப்புப் பூ, வேரில் சின்னச் சின்னக் கிழங்கு. இந்தக் கட்டுரையில் இதைக் கிழங்குப் பட்டாணி என்கிறேன்.

இதற்கு ஒரு பங்காளி உண்டு: லத்தைரஸ் லினிஃபோலியஸ். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் பேர் போனது. இதை மலைப் பட்டாணி என்று வைத்துக்கொள்வோம்.

இனி கூத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் ‘க்னோலன்’, அதாவது கிழங்கு, என்ற சொல் ஒட்டியிருக்கும் லத்தைரஸைக் கேட்டால் முதலாவது செடி கிடைக்கும். எல்லை தாண்டி நெதர்லாந்துக்கு வந்து ‘க்னோல்லத்தைரஸ்’ கேட்டால் இரண்டாவது கிடைக்கும். சொல் ஒன்று, பொருளும் ஒன்று, செடி மட்டும் வேறு. இந்தச் சிக்கல், செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 1753இல் அவர் ஒன்றுக்கு லத்தைரஸ் ட்யூபரோசஸ் என்றும், மற்றதற்கு ஓரோபஸ் ட்யூபரோசஸ் என்றும் பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டும் ஒரே பேரினம் என்று சேர்த்தபோது ‘ட்யூபரோசஸ்’ என்ற அடைமொழி ஏற்கெனவே ஒருவரிடம் இருந்ததால் மற்றதற்கு வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று. பழைய நூல்களில் ட்யூபரோசஸ் என்று கண்டால் எது என்று இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் இன்னும் மோசம். கிழங்குப் பட்டாணிக்கு எசெக்ஸில் உள்ள ஃபைஃபீல்டு என்ற ஊரின் பெயரைச் சேர்த்து ‘ஃபைஃபீல்டு பட்டாணி’ என்றும், ‘எர்த்நட் பட்டாணி’ என்றும் சொல்கிறார்கள். அதில் பட்டாணியை விட்டுவிட்டு வெறும் ‘எர்த்நட்’ என்று கேட்டால் கேரட் குடும்பத்துச் செடி ஒன்றைக் காட்டுவார்கள். கேரட் குடும்பத்தில் உயிரைப் பறிக்கும் ஹெம்லாக்கும் இருக்கிறது, இலையும் ஏறக்குறைய அதே சாயல். பெயரை நம்பித் தோண்டக் கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

நானே ஏமாந்திருக்கிறேன். முதல் தடவை விதை வாங்கியது ஒரு தபால் விதைக் கடையில். கடை எது என்பது இங்கே முக்கியமில்லை. கொடி அமோகமாக ஏறியது, பூவும் அழகு. இரண்டு வருடம் பொறுத்து, மண்ணைக் கிளறினால் கட்டை போன்ற வேர்தான் இருந்தது, கிழங்கு ஒன்றுகூட இல்லை. வந்து சேர்ந்தது அலங்காரத்துக்கு வைக்கும் லத்தைரஸ் லாட்டிஃபோலியஸ். அன்றைக்கே தண்டைத் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கு ஒரு சுலபமான வழி:

- தண்டில் இறக்கை போல் தட்டையான விளிம்பு இல்லை, இலை நுனியில் சுருள் கொடி இருக்கிறது: கிழங்குப் பட்டாணி.
- இறக்கையும் இருக்கிறது, சுருள் கொடியும் இருக்கிறது: அலங்காரச் செடி. கிழங்கு கிடையாது.
- இறக்கை இருக்கிறது, சுருள் கொடி இல்லை, செடியும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை: மலைப் பட்டாணி.

மூன்றாவது போட்டியாளர் ஐரோப்பியச் செடியே இல்லை. ஏப்பியோஸ், முழுப்பெயர் ஏப்பியோஸ் அமெரிக்கானா, வட அமெரிக்கப் பூர்வகுடிகள் உண்டு வந்த கிழங்கு. அதுவும் அவரை, பட்டாணி வகையறாதான். ஐரோப்பாவில் கிழங்குப் பட்டாணியைத் தேடி அலைபவர்கள் கடைசியில் பெரும்பாலும் இதன் முன்னால் வந்து நிற்கிறார்கள். அதனால்தான் ஒப்பீட்டில் சேர்த்தேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பலரும் முதலில் ருசியைக் கேட்கிறார்கள். ருசி கடைசிக் கேள்வி. என் வரிசை இது.

மண். இதை மாற்ற முடியாது, மாற்ற நினைத்தால் பணமும் முதுகும் போகும். சுண்ணாம்புச் சத்துள்ள களிமண்ணா, அமில மண்ணா, ஈர மணலா என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

பொறுமை. மூன்றுமே உருளைக்கிழங்கு போல நாலு மாதத்தில் கை நிறையத் தருபவை அல்ல.

கட்டுப்பாடு. நிலம் உங்களுடையதா, வாடகையா? வாடகை என்றால், நீங்கள் விட்டுப்போகும்போது மண்ணுக்குள் என்ன மிஞ்சும்?

அறுவடை உழைப்பு. எடையைவிட, ஒரு கிண்ணம் கிழங்குக்கு எத்தனை கூடை மண்ணைச் சலிக்க வேண்டியிருக்கிறது என்பதே கணக்கு.

வயிறு. எதை, எப்படி, எவ்வளவு சாப்பிடலாம்.

## கிழங்குப் பட்டாணி

களிமண்தான் இதன் வீடு. தானிய வயல் ஓரம், ஆற்றுக் கரை மேடு, சுண்ணாம்பு கலந்த கனத்த மண். நெதர்லாந்தில் பெரிய ஆறுகளின் கரைகளில் புல்லோடு புல்லாகப் படர்ந்திருக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பூக்கும். பூவுக்கு மெல்லிய மணம் உண்டு, வண்டுகள் விடாது. ஆளுயரம்கூட ஏறாது, பற்றிக்கொள்ள நாலு குச்சி போதும்.

ஒருகாலத்தில் டச்சுக்காரர்கள் இதைப் பயிராகவே போட்டார்கள். கிழங்குகளுக்கு அவர்கள் வைத்த இன்னொரு பெயர் ‘வாலுள்ள எலிகள்’. முதல் முறை தோண்டிய அன்றுதான் அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கியது. நவம்பர் மாதம், கொடி காய்ந்து வைக்கோலாகக் கிடந்தது. மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் கிளறினேன். நூல் மாதிரி ஒரு வெளிறிய வேர். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு சாண் தள்ளிக் கருப்புக்குப் பக்கமான பழுப்பில் ஒரு உருண்டை. இரண்டு முனையும் கூம்பி, ஒரு முனையில் வால். அதைத் தாண்டி வேர் இன்னும் போகிறது. அடுத்த எலி எங்கே என்று கேட்டால் அதற்குத்தான் தெரியும். ஒரு மதியம் முழுக்கத் தோண்டி, ஒரு சூப் கிண்ணம் நிறைந்தது. அதற்குள் பக்கத்துத் துண்டுக்காரர் இரண்டு முறை வந்து, ஏதாவது மோதிரம் தொலைந்துபோயிற்றா என்று விசாரித்துவிட்டார்.

தோலோடு, உப்புத் தண்ணீரில், சிறிய தீயில் வேகவைத்தேன். இருபது நிமிடத்தில் ஊசி இறங்கியது. உள்ளே வெள்ளை. வாயில் போட்டால் முதலில் உருளைக்கிழங்கு, அப்புறம் வெந்த செஸ்ட்நட் கொட்டை. கொஞ்சம் இனிப்பு. வெந்தபின் நெய்யில் புரட்டி மிளகு தூவினால் தட்டு காலியாகும் வேகத்தில் வருத்தம்தான் வரும். தோலை உரிக்க முயல வேண்டாம். நம் ஊர்ச் சிறுகிழங்கை உரித்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இது அதைவிட நுணுக்கம்.

மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, காலம். விதையிலிருந்து வந்தால் சாப்பிடும் அளவுக்குக் கிழங்கு கிடைக்க இரண்டு, மூன்று வருடம் ஆகும். விதைத்தோல் கெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஊறவைத்துப் போடாவிட்டால் பாதி முளைக்காது. கிழங்காக வாங்கி ஊன்றினால் ஒரு வருடம் மிச்சம். இரண்டாவது, நத்தை. வசந்தத்தில் முளை தலைகாட்டும் இரவிலேயே மொட்டையடித்துவிடும். மூன்றாவது, மண்ணுக்குள் வாழும் எலிகள். வாலுள்ள எலிகளை வாலுள்ள எலிகள் தின்கின்றன.

நாலாவதுதான் பெரிய செலவு: பரவல். வேர் ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு கிழங்கும் ஒரு புதுச் செடி. திறந்த மண்ணில் ஒருமுறை ஊன்றிவிட்டால் பிறகு அதை வெளியேற்றுவது உங்கள் பேரன் வேலை. வயல்களில் இது களையாகவே அறியப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு விடை தொட்டி. நாற்பது சென்டிமீட்டராவது ஆழமுள்ள தொட்டி அல்லது துணிப்பை. தோட்ட மண்ணில் பாதி, மட்கு கொஞ்சம், மணல் கொஞ்சம், சுண்ணாம்பு ஒரு கைப்பிடி. வடிகால் துளையில் எலி நுழையாத கம்பி வலை. குளிர்காலத்தில் தொட்டியை ஒரு விரிப்பின் மேல் கவிழ்த்தால் அறுவடை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரியவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, சின்னவற்றைத் திரும்ப ஊன்றலாம். என்னிடம் இப்போது திறந்த மண்ணில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படி நான் நினைக்கிறேன். ஜூன் மாதம் வெங்காயப் பாத்தியில் இளஞ்சிவப்பாக ஏதாவது எட்டிப்பார்க்காமல் இருந்தால் சரி.

பூவைக் கிள்ளினால் கிழங்கு பெருக்கும் என்பார்கள். நான் கிள்ளுவதில்லை. பாதி அந்தப் பூவுக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

## மலைப் பட்டாணி

மண் விஷயத்தில் இது நேர் எதிர். சுண்ணாம்பு ஆகாது. சத்துக் குறைந்த அமில மண், ஓக், பிர்ச் மரங்களின் அரை நிழல், புதர்க் காட்டு ஓரம். ஏப்ரலிலேயே பூக்கத் தொடங்கும். சிவந்த ஊதா நிறத்தில் விரிந்து, வாடும்போது நீலத்துக்கு மாறும். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் நிற்பதைப் பார்க்க அழகு.

ஆனால் இது சாப்பாடு அல்ல. 1777இல் ஸ்காட்லாந்தின் தாவரங்களைத் தொகுத்த ஜான் லைட்ஃபுட், மலைநாட்டு மக்கள் இந்தக் கிழங்கைக் காயவைத்து மென்றதாகவும், மது குடிக்கும் முன் ருசிக்காக வாயில் போட்டுக்கொண்டதாகவும், பசியும் தாகமும் தெரியாமல் இருக்க உதவும் என்று நம்பியதாகவும் எழுதியிருக்கிறார். சுவை அதிமதுரம் மாதிரி. நம்மவர்கள் பாக்கைக் கன்னத்தில் அடக்குவது போலத்தான் அவர்கள் இதை அடக்கினார்கள்.

பசியை அடக்கும் என்ற இந்தப் பழைய பேச்சுதான் இன்று பலரை இந்தச் செடியின் பக்கம் இழுக்கிறது. எடை குறையும் என்று நினைத்து வாங்குபவர்களுக்கு என் பதில் ஒரே வரி: அதற்காக வாங்காதீர்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்று நம்பி எடுத்துக்கொள்ள அளவு கிடையாது.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், மகா மெதுவான வளர்ச்சி. கிழங்குகள் கடலை அளவில்தான் இருக்கும். தோண்டினால் செடியின் பாதி உயிரைத் தோண்டுகிறீர்கள். காட்டில் கிடைக்கிறதே, பிடுங்கி வரலாமே என்று நினைத்தால், பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். நெதர்லாந்தில்கூட ஆர்ட்ஆக்கர் 2016 வரை சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. விதை வாங்கி வளர்ப்பதே கௌரவம்.

## ஏப்பியோஸ்

சாப்பிடத்தான் வளர்க்கிறேன் என்பவர்கள் இங்கே நிற்க வேண்டும். 1620இல் அமெரிக்காவின் பிளிமத்தில் இறங்கிய ஆங்கிலேயக் குடியேறிகள் முதல் பஞ்சத்தைத் தாண்ட உதவிய கிழங்குகளில் ஒன்று. 1840களில் ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு அழுகிப் போனபோது அதன் இடத்துக்கு இதைக் கொண்டுவரலாமா என்று முயன்றும் பார்த்தார்கள். ஒரு பருவத்தில் போதிய விளைச்சல் தராததால் எடுபடவில்லை. 1980களில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெரிய கிழங்கு தரும் ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வாங்கும்போது காட்டு ரகமா, அந்தத் தேர்வு ரகமா என்று கேட்பது அவசியம். விளைச்சலில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

கிழங்குகள் ஒரே வேரில் ஜெபமாலை போலக் கோத்துக்கொண்டு வரும். புரதம் உருளைக்கிழங்கைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ருசி கொஞ்சம் மாவாக, கொட்டை வாசனையுடன்.

செலவுகளுக்கும் குறைவில்லை. கொடி மூன்று மீட்டருக்கு மேல் ஏறும், பந்தல் வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்கும். கனத்த களிமண்ணில் ஜெபமாலையின் மணிகளைப் பிரித்தெடுப்பது நரகம். மணல் கலந்த ஈர மண்ணில்தான் சுகம். கோடை வெப்பம் போதாத இடங்களில் கிழங்கு பெருக்காது. அப்புறம் முக்கியமான ஒன்று: நன்றாக வேகாமல் சாப்பிடக் கூடாது. நன்றாக வெந்ததைச் சாப்பிட்டும் சிலருக்கு, முதல் ஒன்றிரண்டு முறை எதுவும் இல்லாமல், பிறகு ஒருநாள் வாந்தியும் வயிற்றுக் கோளாறும் வந்திருக்கின்றன. முதல் முறை இரண்டு துண்டோடு நிறுத்துங்கள். விருந்தாளிக்கு வைப்பதற்கு முன் வீட்டில் சில தடவை பழகிவிடுங்கள்.

## கேசரிப் பருப்பு பயம்

இதைக் கேட்காத தமிழரை நான் பார்த்ததில்லை, கேட்பதும் நியாயமே. துவரம் பருப்பில் கலப்படமாக வரும் கேசரிப் பருப்பு, லத்தைரஸ் சட்டைவஸ். கிழங்குப் பட்டாணிக்கும் மலைப் பட்டாணிக்கும் நேர் உறவு. பஞ்ச காலத்தில் அதையே மாதக்கணக்கில் தின்றவர்களுக்குக் கால் முடங்கிப்போயிற்று; அதனால்தான் இந்தியாவில் 1961இல் அதன் விற்பனைக்குத் தடை வந்தது.

அந்த நச்சுக்குப் பேர் போனது லத்தைரஸ் விதை. கிழங்குப் பட்டாணியில் தலைமுறை தலைமுறையாகத் தின்னப்பட்டது கிழங்கு. ஆகவே என் வீட்டு விதி: கிழங்கை வேகவைத்து, எப்போதாவது, பக்கத் தட்டில், காயையும் விதையையும் தொடுவதில்லை. பார்க்கப் பட்டாணிக் காய் மாதிரியே இருப்பதால் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைச் சொல்லி வைக்க வேண்டும். ஏப்பியோஸ் வேறு பேரினம் என்பதால் இந்தக் கவலை அதற்கு இல்லை. அதன் கவலையை மேலே சொல்லியாயிற்று.

## ஒரே பார்வையில்

| | கிழங்குப் பட்டாணி | மலைப் பட்டாணி | ஏப்பியோஸ் |
|---|---|---|---|
| மண் | சுண்ணாம்புள்ள களிமண் | அமில மண், அரை நிழல் | மணல் கலந்த ஈர மண் |
| உயரம் | இடுப்பு முதல் நெஞ்சு வரை | முழங்காலுக்குக் கீழே | 3 மீட்டருக்கு மேல் |
| காத்திருப்பு | விதையில் 2–3 வருடம் | அதைவிட மெதுவு | கிழங்கு ஊன்றி 1–2 வருடம் |
| பரவல் | கட்டுக்கடங்காது | பயமில்லை | நன்றாகவே பரவும் |
| விளைச்சல் | ஒரு கிண்ணம் | வாயில் அடக்கிக்கொள்ள | ஒரு குடும்பச் சாப்பாடு |
| பால்கனி | பொருந்தும் | நிழல் பால்கனி என்றால் | பெரிய தொட்டி, நிறையத் தண்ணீர் |
| எச்சரிக்கை | விதை வேண்டாம் | பசி மருந்தாக வேண்டாம் | முழுதாக வேகவேண்டும், கொஞ்சமாகத் தொடங்க வேண்டும் |

மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை, அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

## கேட்ட மூவருக்கும்

ஸ்காட்லாந்துக்காரருக்கு: உங்கள் மண்ணில் மலைப் பட்டாணி தானாக வாழும். பூவுக்காகவும் கதைக்காகவும் வையுங்கள். தட்டில் வைக்க ஏதாவது வேண்டும் என்றால் சுண்ணாம்பு சேர்த்த தொட்டியில் கிழங்குப் பட்டாணி. அங்கே உள்ள கோடைக்கு ஏப்பியோஸ் வீண் வேலை.

வால் ஆற்றங்கரைக்காரருக்கு: மண் ஆர்ட்ஆக்கருக்கென்றே செய்தது. அதனால்தான் ஊன்றாதீர்கள் என்கிறேன். வாடகை நிலம். அடிப்பாகத்தில் கம்பி வலை கட்டிய பழைய தொட்டியைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து அதற்குள் வையுங்கள். உங்களுக்கு வேண்டியது குடும்பத்துக்கு ஒரு வேளைக் கிழங்கு என்று சொன்னதாக ஞாபகம். அப்படியென்றால் உயர்த்திய பாத்தியில் மணல் கலந்து தேர்வு ரக ஏப்பியோஸ். இரண்டும் வேண்டாம், கிலோ கணக்குதான் முக்கியம் என்றால் உருளைக்கிழங்கே போடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கொலோன் பால்கனிக்காரருக்கு: சந்தேகமே இல்லை, கிழங்குப் பட்டாணி, இரண்டு தொட்டி. ஒன்றை இந்தக் குளிரில் கவிழ்த்தால் மற்றதை அடுத்த குளிரில் கவிழ்க்கலாம். விதை தேடி அலைய வேண்டாம். உங்களுக்கென்று ஒன்பது கிழங்கு ஈர மணலில் போட்டு எங்கள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். டப்பாவின் மேல் ‘சமைக்காதே’ என்று எழுதி ஒட்டியும் இருக்கிறது. போன வாரம் எண்ணியபோது பதினொன்று இருந்தது, சீக்கிரம் வந்தால் நல்லது.